காய்த்துத் தொலைத்த பந்தல்

திராட்சை இப்படிக் காய்த்துத் தொலைக்கும் என்று சுருளிராஜன் எதிர்பார்க்கவில்லை. பந்தல் முழுக்கக் கறுகறுவென்று குலைகள். நிமிர்ந்து நடந்தால் நெற்றியில் இடித்தன. மத்தியானம் அதிகாரி வருகிறார், ஊரடங்கு நிவாரண விஷயமாகத் தோட்டத்தைப் பார்க்க.

நட்டம் நிஜம்தான். ஊரடங்கில் பழம் ஏற்றிக்கொண்டு குமுளிச் சந்தைக்கு ஒரு ஜீப் போகவில்லை. பழம் கொடியிலேயே அழுகியது. அந்தப் பக்கம் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சுருளிராஜன் மனுக் கொடுத்தான். தோட்டம் மனைவி பாண்டீஸ்வரி பேரில் இருந்ததால் மனுவும் அவள் பேரில். கவர்மெண்ட் சாவகாசமாகக் கிளம்பியது. கூடலூர்த் திராட்சைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அடுத்த காய்ப்புக்கு வந்துவிட்டது. இந்தத் தடவை உரம், மருந்தெல்லாம் பாண்டீஸ்வரிதான் பார்த்துக்கொண்டாள்.

பாண்டீஸ்வரி தேவாரம் ஊரில், அண்ணன் வீட்டுக் காதுகுத்தில் இருந்தாள். போன் போட்டான்.

"இம்புட்டுப் பழத்தப் பாத்தா எவன் நிவாரணம் தருவான்?"

"இருக்கிறத அப்படியே காட்டுய்யா. எதையும் நோண்டாத. சாயங்காலம் வந்துருவேன்."

"ஒனக்குக் கவர்மெண்டப் பத்தித் தெரியாது" என்று போனை வைத்தான்.

முதலில் குலைகளை மறைக்கப் பார்த்தான். வீட்டிலிருந்த சேலைகளை அள்ளிவந்து பந்தலுக்கு அடியில் விரித்துக் கட்டினான். பச்சை, மஞ்சள், நடுவில் கல்யாணப்பட்டு. பக்கத்துத் தோட்டத்துக் கர்ணன் பைக்கை நிறுத்தினான்.

"என்ன மச்சான், யாருக்குச் சடங்கு? சொல்லவே இல்ல?"

"சடங்கும் இல்ல, கிடங்கும் இல்ல. சோலியப் பாத்துட்டுப் போ."

"சடங்கு இல்லாமயா பட்டு கட்டிருக்க? சரி, பந்தி எப்ப?"

அரை மணியில் பெரியம்மா முறை ஒருத்தி தாம்பாளத்தோடு வந்து நின்றாள். சேலைகளை அவிழ்த்தான்.

பறித்துவிடுவது ஒன்றுதான் வழி. திடீரென்று கேட்டால் ஆள் எங்கே கிடைக்கும்? கர்ணனையே கூப்பிட்டான்.

"நாலு பேரக் கூட்டிட்டு வந்து பறிச்சுக்கங்கப்பா. சும்மா."

"சும்மாவா?"

"சும்மாதான். வெரசாப் பறிக்கணும்."

"மச்சான், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

கர்ணன் நாலு பேரிடம்தான் சொன்னான். ஊர் வந்தது. கூடை, வாளி, குழந்தையின் தொட்டில் சேலை, ஒரு லோடு ஆட்டோ. எட்டாத குலைக்கு ஒருவன் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். கம்பி அறுந்தது. பந்தலைத் தாங்கிய கல்லுக்கால் ஒன்று சாய்ந்தது. அது பக்கத்துக் காலையும் கூட்டிக்கொண்டு போனது.

"ஏலே, கொடிய விட்ருங்கடா!"

"கொடியும் சேந்துல்ல வருது மாமா, நாங்க என்ன செய்ய?"

ஊர் போனபின் தோட்டத்தைப் பார்த்தான். ஒரு குலை மிச்சமில்லை; பாதிப் பந்தல் தரையில் கிடந்தது. பிறகு மனதைத் தேற்றிக்கொண்டான். இதைப் பார்த்து எந்த அதிகாரிதான் கண் கலங்கமாட்டார்? இருக்கட்டும் என்று சட்டையிலும் கொஞ்சம் மண்ணைப் பூசிக்கொண்டான்.

ஜீப் வந்தது. இறங்கிய பெண் அதிகாரி சாய்ந்த கல்லுக்காலைச் சுற்றி வந்தார்.

"யானை வந்துச்சா?"

"இல்ல மேடம். எல்லாம் ஊரடங்குல போனது."

"இலையெல்லாம் பச்சையா இருக்கே?"

"அது பச்சையாவே வாடுற ரகம் மேடம்."

"அப்புறம் நீங்க ஒண்ணுமே செய்யலையா? உரம், மருந்து?"

சுருளிராஜன் இதற்காகத்தான் காத்திருந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒரு கூடை எரு போடல மேடம். இந்தப் பக்கமே வரல. மனசு விட்டுப்போச்சு."

அதிகாரி பெருமூச்சு விட்டார். செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். காரியம் முடிந்தது. சுருளிராஜன் டிரைவர் பக்கம் ஓடினான்.

"அண்ணே, பணம் எப்பண்ணே ஏறும்?"

டிரைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பணம் ஒங்க சம்சாரம் கணக்குல ஏறி நாலு மாசமாச்சேப்பா. அதத் தோட்டத்துல போட்டீகளா, இல்ல திருப்பி வாங்கணுமான்னு பாக்கத்தான் மேடம் வந்தாக."