நெவில் பிக்கரிங்கின் பென்ஷன் பேச்சு

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் ஒரே ஒரு தடவையாவது தன் பேச்சு எடுபட வேண்டும் என்று நெவில் பிக்கரிங் தீர்மானித்தார். அவருடைய அத்தை வினிஃப்ரெட் காலமாகி, உயில்படி பன்னிரண்டாயிரம் பவுண்டு அவர் பெயருக்கு வந்த வாரம் அது.

ஸ்கிப்டன் ஊரில் நெவிலைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. கார் ஓட்டும் பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி அவர். கொடுக்காமல் அனுப்புவதும் அவர்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கார் நடைபாதையில் ஏறினாலும் சரி, ஆட்டு மந்தைக்குள் புகுந்தாலும் சரி, முகத்தில் ஒன்றையும் காட்டமாட்டார். வண்டி நின்ற பிறகு, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல, "தேறலை" என்பார்.

அந்த முகம் வீட்டில் செல்லாது. வேல்ஸுக்குப் போகலாம் என்பார், ஸ்காட்லாந்து போவார்கள். நீல சோபா வாங்கலாம் என்பார். பழுப்பு சோபா வந்து இறங்கும். இத்தனைக்கும் மனைவி பெவர்லி சண்டை போடுகிறவள் இல்லை. இரண்டு கேள்வி கேட்பாள், அவ்வளவுதான். மூன்றாவது கேள்வி வருவதற்குள் நெவிலே பழுப்பு நிறத்தின் அருமை பெருமைகளைப் பேச ஆரம்பித்திருப்பார்.

இந்தத் தடவை அவருக்கு வேண்டியது சோபா அல்ல. டெரிக் ஹெப்வொர்த் என்ற சிநேகிதரின் கொட்டகையில் பத்து டன் எடையில் ஒரு நீராவி ரோடு ரோலர் இருந்தது. வயது நூறு. பெயர் ஃப்ளோரன்ஸ். கோடையில் பொருட்காட்சிகளுக்கு அதை ஓட்டிக்கொண்டு போவார்கள். ஜனங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி வேடிக்கை பார்ப்பார்கள். முதுகுவலி வந்துவிட்ட ஹெப்வொர்த், பன்னிரண்டாயிரம் கொடுத்தால் பாதிப் பங்கு தருவதாகச் சொல்லியிருந்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த மனிதருக்கு அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதைப் பெவர்லியிடம் நேராகக் கேட்பதற்கு, ஃப்ளோரன்ஸின் சக்கரத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஆகவே நெவில் ஒரு வழி கண்டுபிடித்தார். தான் எதைச் சொன்னாலும் அவள் வேறொன்றைச் சொல்வாள். சரி, முதலில் பென்ஷன் நிதியில் போடலாம் என்று அடித்துப் பேசுவது. அவள் வீட்டுக் கடனைக் கூடுதலாகக் கட்டி அடைக்கலாம் என்பாள். கொஞ்சம் இழுபறி. பிறகு பெருந்தன்மையோடு, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், நடுவாக ஐசாவில் போட்டுவைப்போம் என்று இறங்கி வருவது. ஐசா என்பது வரியில்லாச் சேமிப்புக் கணக்கு. பைசா வரி கிடையாது என்பது ஊருக்கு முக்கியம். நினைத்த நாளில் எடுக்கலாம் என்பது நெவிலுக்கு முக்கியம். வசந்தம் வந்ததும் எடுத்துவிடலாம். எடுத்த பிறகு நடப்பது நடக்கட்டும்.

மூன்று வாரம் பென்ஷனைப் பற்றிப் படித்தார். காரில் தனியாக இருக்கும்போது பேசிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வறுத்த மாட்டிறைச்சியும் யார்க்‌ஷயர் புட்டிங் என்கிற மாவு அப்பமும் பாதி ஆனபோது, கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தார்.

"பெவர்லி, அத்தை பணத்தைப் பத்தி யோசிச்சேன். பென்ஷன்லதான் போடணும்."

"ஏன்?"

முதல் கேள்வி. எதிர்பார்த்ததுதான். "நாம பன்னெண்டு போட்டா சர்க்கார் மூணு போடுது. உக்காந்த இடத்துல பதினஞ்சாயிடும். வேற எவன் தருவான்?"

"வீட்டுக் கடனை அடைக்கலாமே. இன்னும் பதினோரு வருஷம் இருக்கே."

நெவிலுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நினைத்ததுபோலவே வருகிறாள். உற்சாகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிட்டார்.

"கடன் வட்டி ரெண்டு சதவீதத்துல நிக்குது. அதை அவசரப்பட்டு அடைச்சா பேங்க்காரன்தான் சந்தோஷப்படுவான். ஒரு அளவுக்கு மேல கட்டினா அபராதம் வேற. வயசான காலத்துல பசிச்சா சுவத்தையா சுரண்டித் தின்ன முடியும்? உங்கம்மாவை நினைச்சுப் பாரு. சொந்த வீடு, கடன் இல்ல. ஆனா கடைசி குளிர்காலம் பூராவும் அடுப்படியில ஓவர்கோட் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஹீட்டர் போட்டா பில்லு வருமேன்னு. உனக்கு அந்த நிலைமை வரக்கூடாது, பெவர்லி. நான் இருக்கேனோ இல்லையோ."

இந்தக் கடைசி வாக்கியம் ஒத்திகையில் இல்லாதது. தானாக வந்தது.

பெவர்லி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். அவள் கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். பிஸ்கெட்டே கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்கிறவர்களையும், உருண்டு வரும் அவர்களுடைய நாய்களையும் தினமும் பார்க்கிறவள். இப்போது கணவனை வெகுநேரம் பார்த்தாள்.

"ஐசான்னு ஒண்ணு இருக்கே?" என்றாள்.

அதை அவர் கடைசியில் அல்லவா கொண்டுவர வேண்டும். வேண்டாம், இன்னும் கொஞ்சம் முறுக்குவோம், அவளே கெஞ்சட்டும் என்று நெவில் நினைத்தார்.

"ஐசாவா? அது கைக்கெட்டுற பணம். எவனாவது நல்லா கதை சொன்னா எடுத்துக் குடுத்துட்டு நிப்போம். பூட்டி வைக்கணும். எடுக்கணும்னு நினைச்சாலும் எடுக்க முடியாம இருக்கணும்."

"ம்."

"ஆனா நீ ஐசாதான் வேணும்னா..."

"இல்ல. நீ சொல்றதுதான் சரி."

நெவில் சரியாகக் காதில் விழாதவர்போல உட்கார்ந்திருந்தார்.

"இவ்வளவு தெளிவா நீ பேசி நான் கேட்டதில்ல," என்றாள் பெவர்லி. "பென்ஷன்லயே போட்டுடலாம்."

"அவசரமில்ல. அதுல ஐம்பத்தேழு வயசு வரைக்கும் தொட முடியாது தெரியுமா? திடீர்னு ஒரு தேவைன்னா?"

"தொட முடியாததுதானே அதுல விசேஷம். இப்பத்தானே சொன்னே?"

"கொஞ்சம் கடனுக்கும்..."

"பேங்க்காரன் சந்தோஷப்படுவான்." புட்டிங்கின் மேல் இறைச்சிக் குழம்பை ஊற்றிக்கொண்டாள். "ஒண்ணுதான் யோசிக்கணும். யார் பென்ஷன்ல?"

"என்னோடதுலதான். அத்தை எனக்குத்தானே..."

"நீ சர்க்கார் உத்தியோகம். உனக்கு ஒழுங்கா வரும். நான் பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டு வருஷக்கணக்கா வீட்ல இருந்தேன், அப்புறம் அரை நாள் வேலை. எனக்கு என்ன வரும்? ஓவர்கோட் போட்டுக்கிட்டு உக்காரப் போறது நான்தான்னு நீயே சொன்னே."

ஒரு மணி நேரத்தில் மூன்று விதமாக வாதாடிப் பார்த்தார் நெவில். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னதையே எடுத்து அவருக்குப் பரிமாறினாள். சாயங்காலத்துக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பணத்தை அனுப்பியாகிவிட்டது. கடைசி பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னாள். யோசனை அவருடையதாம்.

மறுநாள் வேலை முடிந்ததும் ஹெப்வொர்த்தின் கொட்டகைக்குப் போனார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஃப்ளோரன்ஸின் பித்தளைக் குழாயைத் துணியால் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"டெரிக், பங்கு விஷயம்... முடியாதுப்பா."

"தெரியும்பா," என்றார் ஹெப்வொர்த். "வேற ஆளைப் பாத்துட்டேன்."

"தெரியுமா? எப்படி?"

"என் நாய்க்கு நகம் வெட்டப் போயிருந்தேன்ல. மூணு வாரம் இருக்கும். உன் சம்சாரத்தைப் பாத்து வாழ்த்துச் சொன்னேன், உங்க வீட்டுக்காரர் எனக்குப் பங்காளி ஆகப்போறார்னு. எவ்வளவுன்னு கேட்டாங்க. சொன்னேன். நீங்க இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம், அவரே என்கிட்ட சொல்லட்டும்னாங்க. அதுக்கு மேல நான் வாயைத் திறக்கலை."

நெவில் துணியை மடித்து வைத்தார். வீட்டுக்கு நடந்தே போனார். கால்வாய் ஓரம் ஒரு வாத்துக் குடும்பம் வழிமறித்தபோதுகூட ஒதுங்கத் தோன்றாமல் நின்றார். தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று கோபப்படத்தான் பார்த்தார். யார் யாரை ஏமாற்றப் போனது என்ற கேள்வி குறுக்கே வந்து வந்து கோபத்தைக் கெடுத்தது.

பெவர்லி சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவர் கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"பின்னே ஏன் அவ்வளவு நேரம் என்னைப் பேச விட்டே? ரோலர் வேணாம், நெவில்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ வந்து நேரா கேப்பேன்னு மூணு வாரம் காத்துக்கிட்டிருந்தேன். கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது." கத்தி நின்றது. "அப்புறம் நீ அம்மாவைப் பத்தி ஆரம்பிச்சே. என் வயசான காலத்தைப் பத்தி இதுவரைக்கும் யாரும் என்கிட்ட பேசினதில்ல. குறுக்கே பேச மனசு வரலை."

நெவில் தன் கைகளைப் பார்த்தார். பித்தளைப் பாலிஷ் நகக்கண்ணில் கறுப்பாக இருந்தது. அந்தப் பேச்சில் எது வேஷம், எது நிஜம் என்று நேற்றிலிருந்து அவருக்கே பிடிபடவில்லை. இப்போது பிடிபட்டது.

"பெவர்லி, நான் ஒரு எண்ணத்தோட ஆரம்பிச்சது வாஸ்தவம்தான். ஆனா உன்னைப் பத்திச் சொன்னேன் பாரு, அது நடிப்பு இல்ல."

"தெரியும்," என்றாள் பெவர்லி, அடுத்த கிழங்கை எடுத்தபடி. "நடிப்பா இருந்தா உனக்கு அவ்வளவு நல்லா வந்திருக்காது."