சீதளானந்தரின் சில்லென்ற செம்பு

குளிருக்காக வெள்ளைக்காரன் தேடி வந்து பங்களா கட்டிய ஓசூர்ச் சீமையில், அந்த வருஷம் பங்குனியிலேயே வெயில் கொளுத்தியது. உச்சிவேளையில் காக்கைகூட வாயைப் பிளந்துகொண்டு நிழலில் உட்கார்ந்தது. காக்கைக்குத் தெரிந்தது மத்திகிரி மக்களுக்குத் தெரியவில்லை. மொட்டைப் பாறைமேல் முந்நூறு பேர் வெந்துகொண்டு நின்றார்கள். எதற்கு? வெயிலை அடக்கும் சீதளானந்த சுவாமிகளைத் தரிசிக்க!

சுவாமிகள் மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அவருக்கு மட்டும் ஓலைப் பந்தல். இரண்டு பக்கமும் விசிறி. வெயிலை அடக்கியவருக்கு விசிறி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அற்புதம் இதுதான். கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் வாங்குவார். மந்திரம் முணுமுணுத்தபடி மூன்று கைப்பிடி திருநீறு போடுவார். செம்பைத் தொட்டால் சில்லென்றிருக்கும்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு ஒரு படி ராகியும் ஒரு கோழியும் கொடுத்தால் கழுத்துக்கு ஒரு கறுப்புக் கயிறு.

"இதைக் கட்டினவனைச் சூரியன் தொடமாட்டான். நிழல் பேடா, வேண்டாம்! உச்சியில தண்ணி பேடா! குடிச்சா கயித்துச் சக்தி போயிடும்."

முதல் சீடர் ரோட்டு வேலை மேஸ்திரி கங்கப்பன். கூலியாட்கள் உச்சியில் புளியமரத்தடியில் இரண்டு மணி நேரம் படுப்பது அவர் நெஞ்சை நெடுநாளாக அறுத்துக்கொண்டிருந்தது. இப்போது ஆளுக்கொரு கயிறு, ஓய்வு ரத்து. பக்தி என்றால் அதுவல்லவா பக்தி!

அங்கே ஜல்லி சுமந்த கெம்பம்மா கயிறு வேண்டாம் என்றுவிட்டாள். அவள் புருஷன் திம்மராயன் கட்டிக்கொண்டான். மூன்றாம் நாள் உச்சியில் அவன் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு, செத்துப்போன அண்ணனோடு பேச ஆரம்பித்தான். அப்படியே சரிந்தான். ஓடிப்போய்த் தொட்டாள் கெம்பம்மா. வேர்வையே இல்லாத உடம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது.

"தண்ணி ஊத்தாதே! விரதம் கெட்டுடும்!" என்று கத்தினார் கங்கப்பன்.

"விரதம் கெட்டா இன்னொரு விரதம் இருந்துக்கலாம். ஆளு போனா நீயா கொண்டாந்து குடுப்பே?"

அவனை மரத்தடிக்கு இழுத்துப் போனாள். கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். குடம் குடமாக உடம்பில் ஊற்றி, நனைந்த முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். கண் விழித்து அவள் பெயரைச் சொன்ன பிறகுதான், உப்புப் போட்ட நீர்மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். பிழைத்துக்கொண்டான்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "கயிறு இருந்ததாலதான் பொழைச்சான்!"

மறுநாள் கெம்பம்மா பாறைக்கு ஏறினாள். சுவாமிகள் செம்புத் தண்ணீரை எல்லார் மேலும் தெளித்தார். அவள் உதட்டில் ஒரு சொட்டு விழுந்தது. கரித்தது; சுரீரென்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அப்பன் ஊரூராகப் போய்ப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர். கல்யாணம் ஆகும்வரை அவருக்குத் துருத்தி ஊதியவள் அவள்தான்.

"சாமி, இது மாரியம்மன் கோயில் துன்னூறு. இதைப் போட்டு ஒரு செம்பு ஆத்திக் காட்டுங்க."

கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. மறுக்க வழியில்லை. போட்டார். மூன்று முறை மந்திரம் சொன்னார். தண்ணீர் வெதுவெதுவென்றே இருந்தது.

"பொம்பளை குறுக்கே பேசினா சக்தி இறங்காது!"

"அப்ப பொம்பளையே இறக்கறேன்." சுவாமிகளின் திருநீற்றுப் பையை வெடுக்கென்று பிடுங்கினாள். வேறு செம்பில் அள்ளி அள்ளிப் போட்டாள். மந்திரத்துக்குப் பதில் புருஷனைத் திட்டினாள். "கயித்தைக் கட்டிக்கிட்டு வெயில்ல காஞ்ச மடையா! புத்தி கெட்டவனே!"

செம்பு சில்லிட்டது. தொட்டுப் பார்த்தவர்கள் பக்கத்தில் நின்றவர்களையும் இழுத்துத் தொடச் சொன்னார்கள்.

"இது நவச்சாரம்யா! ஈயம் பூசறவன் பெட்டியில கெடக்கிற உப்பு. தண்ணியில கரைஞ்சா சில்லுனு ஆயிடும். சாமி, இது தெய்வத் தீர்த்தம்னா நீங்களே ஒரு மொடக்குக் குடிங்க, பார்க்கலாம்!"

சுவாமிகள் குடிக்கவில்லை. பந்தலுக்குப் பின்பக்கமாக இறங்கி, பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். போகிற வழியில் கிணற்றடியில் நின்று, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஓடினார்! கூலியாட்கள் புளியமரத்தடியைப் பார்த்து நடந்தார்கள்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கூலியாள் மாதப்பன் கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தான். "கெம்பம்மா, உன் திட்டுக்கே செம்பு குளுந்துச்சே! நீயே எனக்கு ஒரு கயிறு மந்திரிச்சுக் குடேன்."

கெம்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கழுத்துல கட்டினது போதும் மாதப்பா. வெயில்ல போனா தலைக்குத் துண்டு கட்டு. அந்தத் துண்டுக்குக் கீழே ஒண்ணு இருக்குது பாரு, அதுக்கும் அப்பப்ப வேலை குடு!"