சபாபதியின் மலர்ப் பகிர்வு

மலேசியத் தமிழர் உலகுக்கு அளித்த கொடைகளில் கிள்ளான் சபாபதியின் பூந்தோட்டமே தலையாயது. இதை மறுப்பவர் அவர் குடியிருக்கும் தாமானில், அந்த வீடமைப்புப் பகுதியில், ஒருவர்கூட இல்லை. மறுத்த ஒருவரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

சபாபதி காப்புறுதி நிறுவனம் ஒன்றின் கிளை மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். இழப்பீடு கேட்டு வருகிறவர்களை மனம் நோகாமல் வெறுங்கையுடன் திருப்பி அனுப்புவதில் அவருக்கு நிகர் அவரே. அந்தத் திறமை வீணாகிவிடுமோ என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்த வேளையில்தான் பக்கத்து வீட்டு வீரம்மா வேலியருகே வந்து நின்றார்.

வீரம்மாவின் மகன் ஜீவன் இரண்டாவது கார் வாங்கியிருந்தான். காருக்கு இடம் வேண்டும் என்று முன்வாசல் முழுவதும் சிமெண்டு பூசப் போகிறானாம்.

"தம்பி, என் செடியெல்லாம் நீங்க எடுத்துக்கறீங்களா? பவளமல்லி, அடுக்குமல்லி, நந்தியாவட்டை எல்லாம் இருக்கு. எனக்குத் தினமும் ரெண்டு பூ குடுத்தா போதும். எங்க வீட்டுக்காரர் படத்துக்கு வைக்க."

"என்னக்கா, இதெல்லாம் கேக்கணுமா? தாராளமா பூ பறிச்சுக்கலாம்லா" என்றார் சபாபதி. அந்த நிமிடம் அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். வரலாற்றின் முன் அவருக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

செடிகள் இடம் மாறின. பூத்தன. முதல் அடுக்குமல்லியைப் படம் எடுத்து, 'எமது இல்லத்து மலர்' என்று எழுதிக் குழுவில் போட்டார். மாலைக்குள் எழுபது பேர் கைகூப்பினார்கள். அலுவலகத்தில் பணியாற்றிய காலம் முழுவதும் அவரை நோக்கி அத்தனை கைகள் குவிந்ததில்லை. அன்றிரவு அவர் செடியின் முன் வெகுநேரம் நின்றார். இந்தப் பூவைப் பறித்தால் நாளைக்குக் குழுவில் எதைப் போடுவது என்ற கேள்வி அவரை உலுக்கியது.

மறுநாள் தோட்டத்தில் ஒரு பலகை முளைத்தது: 'பார்த்து மகிழ்க. பறித்து மகிழாதீர்.' அதற்கு மேலே ஒரு கேமராவும் முளைத்தது. மனைவி இராஜம்மா சாமிக்கு வைக்க மார்க்கெட்டில் பூ வாங்கி வந்தார். பூந்தோட்டக்காரர் வீட்டில் கடைப்பூ எதற்கு என்று யாரும் கேட்டுவிடாதபடி அதைக் கீரைக்கட்டுக்குள் மறைத்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

பவளமல்லிதான் தொல்லை கொடுத்தது. பலகையைப் படிக்காத செடி அது. அதிகாலையில் தன் பூக்களைத் தானே உதிர்த்து, அவற்றில் பாதியை வேலிக்கு அப்பால் வீரம்மாவின் சிமெண்டுத் தரையில் கொட்டியது. சபாபதி நீளக் கம்பில் வலை கட்டி, வேலிக்கு மேலாக நீட்டி, எல்லை தாண்டியவற்றை மீட்டார். ஒருநாள் வீரம்மா பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி செய்றீங்க?"

"உங்க வாசல் குப்பையா கெடக்குதேன்னு சுத்தம் பண்றேன்க்கா."

வீரம்மா கொஞ்ச நேரம் வலையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். சபாபதி அதை நன்றியின் மௌனம் என்று எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட தொண்டு ஒரு வீட்டுக்குள் அடங்குமா? குடியிருப்போர் சங்கத் தலைவர் ராதாகிருஷ்ணன் பொதுமண்டபத்தில் கூட்டம் கூட்டினார். 'மலர்ப் பகிர்வுத் திட்டம்' தொடங்கப்பட்டது. சபாபதி ஒருமனதாக அமைப்பாளர் ஆனார். மேடையை பிளாஸ்டிக் பூக்களால் அலங்கரித்திருந்தார்கள். ஒவ்வொரு காலையும் ஒரு பூவின் படம் தாமான் மக்கள் எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்து சேரும் என்று அறிவித்தபோது பலத்த கைதட்டல். அது அடங்கியபின் கடைசி வரிசையிலிருந்து வீரம்மா எழுந்தார்.

"பூவ எப்பத் தருவீங்க?"

"அக்கா, இது டிஜிட்டல் திட்டம்" என்றார் சபாபதி கனிவுடன்.

"எனக்கு அந்த மாதிரி போன் இல்லீங்களே."

"அப்போ நீங்க திட்டத்துக்குள்ள வரமாட்டீங்க" என்று ராதாகிருஷ்ணன் விளக்கினார். "பறிக்காம பகிரணும் ஆன்டி. இப்ப உலகமே அப்படித்தான் போகுது."

"வாசம் எப்படித் தெரியும்?"

"கண்ண மூடி நெனச்சுப் பாருங்க" என்றார் சபாபதி. அவை மெய்சிலிர்த்தது. இது மிக ஆழமான கருத்து என்று குறிப்பேட்டில் ஏற்றப்பட்டது.

மழைக்காலத்தில் வீரம்மா படுத்துவிட்டார். இதயம் பலவீனம் என்றார் டாக்டர். ஜீவன் ஒருநாள் காரை நிறுத்திவிட்டு வேலியருகே வந்தான்.

"அங்கிள், அம்மா பவளமல்லி கேக்குறாங்க. தலமாட்டுல வைக்கணுமாம். ஒரு கை இருந்தா போதும்."

சபாபதியின் நெஞ்சு இளகியது. செடிப்பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைத்தார். ஆனால் உதிர்ந்த பூக்களைக் கோலமாகப் பரப்பி மறுநாளைய படத்துக்காக ஆயத்தம் செய்திருந்தார். அதில் ஒரு கை எடுத்தால் ஓட்டை விழும்.

"நல்ல கிளியரா வீடியோ எடுத்து அனுப்புறேன் ஜீவன். அம்மாவுக்குப் பெரிய ஸ்கிரீன்ல போட்டுக் காட்டு."

ஜீவன் டிவியில் போட்டுக் காட்டினான். வீரம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டதாக இராஜம்மா வந்து சொன்னார். டிவி வெளிச்சத்தில் கண் கூசியிருக்கும் என்றார் சபாபதி.

அடுத்த நாள் கேமராவில் ஒரு குற்றம் பதிவாகியிருந்தது. இராஜம்மா இரண்டு மல்லிகைகளை முந்தானையில் முடிந்துகொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். சபாபதி மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து விசாரணை நடத்தினார்.

"இது யாரு?"

"நான்தான்."

"கையில என்ன?"

"அவங்க பூ."

"யாரோட பூ?"

தோட்டத்துக் கதவுக்குப் பூட்டுப் போடப்பட்டது. சாவி சபாபதியின் இடுப்புக்குப் போனது.

அந்த வாரமே வீரம்மா இறந்துபோனார். சபாபதி உண்மையிலேயே கலங்கினார். நந்தியாவட்டையைக் கருப்பு வெள்ளையில் படமாக்கி, 'ஆழ்ந்த இரங்கல்' என்று குழுவில் போட்டார். இடுப்புச் சாவியைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

குளித்துவிட்டு வந்தபோது கட்டில்மேல் சாவி இல்லை. தோட்டத்தில் பூவும் இல்லை. மொட்டுகூட மிச்சமில்லை. செடிகள் வெறும் பச்சையாக நின்றன. படத்துக்கு உதவாத பச்சை. துண்டோடு வேலிவரை ஓடியவருக்கு ஜீவன் வீட்டு வாசலில் கூட்டம் தெரிந்தது. அவசரமாக வேட்டி கட்டிக்கொண்டு கோபத்தோடு நுழைந்தார்.

வீரம்மா மார்புவரை பூவால் மூடப்பட்டுக் கிடந்தார். தலைமாட்டில் பவளமல்லி குவிந்திருந்தது. அருகில் காலி வாளியோடு இராஜம்மா உட்கார்ந்திருந்தார். கணவரை நிமிர்ந்து பார்த்தார். கண்ணைத் தாழ்த்தவில்லை.

சபாபதி வாய் திறந்தார். அதற்குள் ராதாகிருஷ்ணன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எல்லாம் உங்க தோட்டத்துப் பூவாமே. ஒண்ணு விடாமப் பறிச்சுக் குடுத்துட்டீங்க. இந்த மனசு யாருக்குலா வரும்."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சபாபதியின் திறந்த வாய் மெதுவாக மூடியது. முகத்தில் துயரமும் பெருந்தன்மையும் சரியான அளவில் வந்து அமர்ந்தன.

"நம்மால ஆனது" என்றார். பிறகு கைப்பேசியை எடுத்து, வெளிச்சம் பிணத்தின்மீது நன்றாக விழும் பக்கமாக நகர்ந்து நின்றார். ஜீவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

குழுவில் அந்தப் படத்துக்குக் குவிந்த கைகளை எண்ணி மாளவில்லை. மாத இறுதியில் சங்கம் திட்டத்தின் முழு வெற்றியை அறிவித்து அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. முதல் பயனாளி வீரம்மா. அவர் சாவதற்கு இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டதைத் தவிர, பூ அவர் கைக்குப் போய்ச் சேருவதில் தாமதம் ஏற்பட வேறு காரணமே இல்லை.