ஒரு பாய் அகலப் புல்

மரியாதைக்குரிய பூச்சி அத்தானுக்கு,

புல்வெட்டும் மச்சினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மெஷினும் சௌக்கியம். கட்டுப் பிரித்து ஒரு மாதமாகியும், டாக்டர் நடக்கச் சொல்லியும், கட்டிலைவிட்டு இறங்கப் பயப்படும் உங்கள் முட்டிக்குத் தனியாக ஒரு விசாரிப்பு. என் கோழிக்கிறுக்கல் அக்காவுக்குத்தான் புரியும், அவள் படிக்க நீங்கள் கேளுங்கள்.

நீங்கள் இங்கே காவலுக்கு இருந்தபோது, ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் ஒரு பாய் அகலத்துக்குப் புல்லை விட்டுவை, துள்ளி என்கிற நகத்தளவுப் பழுப்புப் பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும் என்றீர்களே, அதைப் பற்றித்தான் சேதி. இரண்டு வாரம் முன்னால் பார்த்தால் புல்லிதழெல்லாம் நீளவாக்கில் மடிந்து, நூல் போட்டுத் தைத்த மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஏதோ நோய், அத்தான் என்னைத்தான் கேட்பார் என்று பயந்து, கொண்டை ஊசியால் பதினோரு இதழைப் பிரித்துக் காற்றாட விட்டேன். ஒவ்வொன்றிலும் பெரிய தலையும் ஒல்லிக் கழுத்துமாக ஒரு பச்சைப் புழு, குளிக்கிற நேரத்தில் கதவைத் திறந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது. மறுநாள் பதினொன்றும் திரும்பத் தைத்துக்கொண்டுவிட்டன. என் தையல்காரிக்கு ஒரு கொக்கி வைக்கவே ஒரு மாதம் வேண்டும்.

இதற்குள் திங்கட்கிழமை முதலாளி வருகிறார் என்று மேனேஜர் வந்து, "இதென்னம்மா காடு, இன்னிக்கே வெட்டிடு" என்றார். எங்கள் அத்தானுடைய புழு குடியிருக்கிறது சார் என்றேன். எங்கே என்று குனிந்தார். வீட்டுக்குள் எச்சம் கிடந்தால் குளவி மோப்பம் பிடிக்கும், அதனால் புழு அதை எட்டத் தெறிக்கவிடும் என்று நீங்கள் சொன்னபோது, அளக்காதீங்க என்று சிரித்தவள் நான். தெறித்தது, அத்தான். நேராக மேனேஜர் மூக்குக்கண்ணாடியில். துடைத்துக்கொண்டே, "நீ வெட்டுறியா, நான் வெட்டவா" என்றார்.

என்ன செய்ய, வெட்டிவிட்டேன். மெஷினுக்கு ஐந்து நிமிஷ வேலை. இனி நீங்கள் எழுந்து வந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை, நிம்மதியாகப் படுத்திருங்கள்.

அக்காவுக்கு அன்பும், முட்டிக்கு ஆயுள் முழுக்க ஓய்வும் வேண்டும்,
மச்சினி.

பின்குறிப்பு: அக்கா, இதை மனசுக்குள் படி. மனுஷன் கோபத்தில் எழுந்து நின்றாரா? நின்றிருந்தால் மட்டும் சத்தமாகச் சொல்: புல் அப்படியே நிற்கிறது. கண்ணாடியைத் துடைத்த மேனேஜர் திரும்பக் குனிந்தவர்தான், அரை மணி நேரம் நிமிரவில்லை. இப்போது அவரே சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார். ஒரு கூட்டுப்புழு கறுத்துவிட்டது, நாளையோ மறுநாளோ துள்ளி வெளியே வரும். தோளைக் கொடுத்து மெதுவாக நடத்திக் கூட்டி வா. இன்னும் எழவில்லை என்றால், கடிதத்தை முதலிலிருந்து படி. "வெட்டிவிட்டேன்" வரும்போது கொஞ்சம் அழு.