எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று

நம் சனத்துக்குள் ஓர் இனம் உண்டு. அதற்கு நான் 'பொருத்தம் பார்ப்பவர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். கலியாணத் தரகர் என்று நினைத்துவிடாதீர்கள். தரகர் கடைசியில் யாரையாவது யாருக்காவது கட்டிவைத்துவிடுவார். இவர் அந்தத் தவறைச் செய்யமாட்டார். பனிச் சப்பாத்து வாங்கப் புறப்பட்டு, அதன் அடிப்பக்கத்து ரப்பரை ஆராய்ந்து, கடைக்காரருக்கே வகுப்பெடுத்து, ஏப்ரலில் பனி உருகி ஓடும்போது 'இனி அடுத்த வருசம் பாப்பம்' என்று வெறுங்கையோடு வீடு திரும்புபவர். உங்களுக்கும் ஒருவரைத் தெரியும். எனக்குத் தெரிந்தவர் அருமைராசா.

மொன்றியல் நகரத்து வில்லரேயில் அவர் எங்களுக்கு மேல்வீடு. என் கணவர் செபமாலை, மன்னார்க்காரர், ஞாயிறு பூசை முடிந்ததும் நகரத்துக்கு வெளியே ஒரு சூட்டுத் திடலுக்குப் போய், எண்ணூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் காகித இலக்கைச் சுட்டுவிட்டு வருவார். "துவக்குச் சத்தத்துக்கு ஓடிவந்த நாங்கள் காசு கட்டி அதைக் கேக்கவேணுமோ?" என்று ஒருநாள் கேட்டேன். "அங்க அது எங்களைத் தேடி வந்தது, கிறேஸ். இங்க பேப்பரைத் தேடிப் போகுது" என்றார்.

அந்தத் திடலில் வருசத்துக்கு ஒருமுறை இரட்டையர் போட்டி நடக்கும். ஒருவர் சுடுவார், மற்றவர் பக்கத்தில் இருந்து தொலைநோக்கியில் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்லவேண்டும். செபமாலையின் வலக்கண் போய்விட்டது, இடக்கண் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் ஓர் ஆசை. "ஐசே, நீர் சுடும். நான் காத்துச் சொல்லுறன். ஒருக்கால் போதும்" என்றார் அருமைராசாவிடம்.

அருமைராசா உடனே சம்மதித்தார். வகுப்புக்குப் போனார், லைசென்ஸ் எடுத்தார். பிறகு துவக்குக்குக் குழல் தெரிவுசெய்ய உட்கார்ந்தார்.

எழும்பவேயில்லை.

துவக்குக் குழலின் உட்புறம் திருகுதிருகாக வரி வெட்டியிருப்பார்கள். குண்டு அதில் உரசிச் சுழன்றுகொண்டு வெளியே போனால்தான் தள்ளாடாமல் பறக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்பதுதான் கேள்வி. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் வீட்டு வெளிப்படிக்கட்டு மொன்றியலின் மற்றப் படிக்கட்டுகளைப் போலச் சுற்றிச் சுற்றி ஏறுவது. அருமைராசா அதில் நின்று, கம்பியில் விரலை ஓட்டி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் விளக்குவார். "இந்தப் படி கெதியாச் சுத்துது, இது எட்டு. அடுத்த வீட்டுப் படி ஆறுதலா, மெல்ல மெல்லச் சுத்துது, அது பத்து. நீட்டுக் குண்டுக்கு எட்டு வேணும். கட்டைக் குண்டுக்குப் பத்துக் காணும்." தமிழ் ஒரு சொல்லும் அறியாத தபால்காரர்கூட இதைக் கேட்டிருக்கிறார். பாவம், பனியில் நின்றுகொண்டு.

"எண்ணூறு மீற்றருக்கு நீட்டுக் குண்டுதான். எட்டு எடும்" என்றார் செபமாலை.

"எட்டோ? அட்டமியெல்லோ அண்ணை."

"அப்ப ஒன்பது."

"நவமி."

"ஏழரையும் இருக்குதாமே?"

அருமைராசா கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "அண்ணை! சனியனைக் குழலுக்குள்ள விடச் சொல்லுறியளோ?"

"சரி ஐசே, பத்தை எடுத்துத் துலையும்."

"தசமி, அருமையான எண். ஆனா பத்தில அந்தக் குண்டு நேராப் போகாதே அண்ணை. பக்கவாட்டில சரிஞ்சு போய்ப் பேப்பரைக் கிழிக்கும்."

அருமைராசா பொறியியல் படித்தவர். எண் சாத்திரத்தில் நம்பிக்கையே இல்லாதவர். அவரே சொன்னார்: "நம்பிக்கை எண்டு இல்லை அக்கா. தெரிஞ்சுகொண்டு ஏன் வில்லங்கத்தை வாங்குவான்?"

செபமாலை விடவில்லை. "ஆண்டவர் மலையில சொன்ன பேறு எட்டு. வேதக்காரருக்கு எட்டு நல்லதுதான். என்ர பேரில எழுதி எடும்."

அருமைராசா தன் வலக்கையைப் புரட்டிப் பார்த்தார். "பேர் உங்கடயா இருந்தாலும், சுடுற கை என்ர கையெல்லோ?"

"அப்ப என்ர துவக்கைக் கொண்டுபோய்ச் சுடும்."

"உங்கட குழல் எத்தனை அண்ணை?"

"எட்டு."

இருவரும் தேத்தண்ணி குடித்தார்கள்.

பக்கத்து ஊரான லொங்குய்யில் குழல் பொருத்திக் கொடுக்கும் கியூபெக்காரர் ஒருவர் இருந்தார். மாரியில் சொன்னால்தான் கோடைக்குத் தருவார். அருமைராசா அவரைத் தொலைபேசியில் கூப்பிடுவார், குசலம் விசாரிப்பார், நன்றிக்கு ஒரு மெர்ஸி சொல்லி வைத்துவிடுவார். ஒரு கோடை போனது. அடுத்த கோடையும் போனது. செபமாலை தொலைநோக்கியைக் குசினி யன்னலில் நிறுத்தி, பின் ஒழுங்கையில் காயும் உடுப்புகள் ஆடுவதைப் பார்த்துப் பயிற்சி எடுத்தார். "கிழக்கால, மெல்லிசா" என்பார். இடியப்பம் பிழிந்துகொண்டு நான் "ஓம்" என்பேன்.

பனிக்காலம் முடியுமுன் செபமாலை போய்விட்டார். கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம், நெஞ்சு முந்திக்கொண்டது.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் அருமைராசா பெட்டியின் மேல் குனிந்து, கண்ணீர் சொட்டச் சொட்ட, "எட்டுத்தான் அண்ணை. முடிவெடுத்திட்டன்" என்றார். பக்கத்தில் நின்ற, எங்கள் கோயில் பங்குச்சபை அல்பேட் அதைச் செபமென்று நினைத்து "ஆமென்" என்று முடித்துவைத்தார். அவ்வளவு துயரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டேன். பெட்டிக்குள் இவருக்கும் வந்திருக்கும்.

கோப்பி கொடுக்கிற இடத்தில் அருமைராசா என்னைத் தேடி வந்தார்.

"அக்கா, எட்டெண்டுதான் சொன்னனான். ஆனா இப்ப புதுக் குண்டு ஒண்டு வந்திருக்கு. அதுக்கு..."

"தம்பி, பெட்டி இன்னும் மூடேல்லை."

பிறகு, முறைப்படி கடுதாசி எழுதி, இவருடைய துவக்கை அருமைராசாவுக்கே கொடுத்துவிட்டேன். எட்டுக் குழல், நன்றாகச் சுட்ட குழல். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினார். கோடை வந்தது. ஒருநாள் அதே படியில் மறித்துக் கேட்டேன்.

"சுட்டுப் பாத்தனீங்களோ?"

"இன்னும் இல்லை அக்கா. இந்தக் குழலை மாத்திப்போட்டுச் சுடுவம் எண்டு ஒரு யோசனை."

"எத்தனைக்கு?"

அவர் விரல் தானாகவே படிக்கம்பியில் ஓடத் தொடங்கியது. நான் உள்ளே வந்துவிட்டேன். தொலைநோக்கியையும் கேட்டார், அதை மட்டும் கொடுக்கவில்லை. யன்னலில் நிற்கிறது. இன்றைக்குக் காற்று வடக்கால.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அதற்குத்தானே எழுதுகிறேன். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில், லாவாலில் ஒரு பழைய சிநேகிதர் உங்களை எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டார் அல்லவா? 'ஆறுதலா ஒருநாள் வாறன்' என்று நீங்களும் சொல்லிவைத்திருக்கிறீர்கள். குளிர் குறையட்டும், காருக்குக் கோடைச் சில்லு மாற்றியாகட்டும், பாலத்தில் வீதி வேலை முடியட்டும், வெறுங்கையோடு போகலாமா, அவருக்குச் சீனி வருத்தம், கேக் கொண்டுபோகலாமா, பழம்தான் நல்லதா, பழமென்றால் எந்தக் கடையில்...

கோபிக்காமல் சொல்லுங்கள்: உங்களுக்கு எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று?