மாமனார் வீட்டுக் கொல்லையைச் சுத்தம் செய்த கதை

பெண் வீட்டாரிடம் நல்ல பெயர் வாங்க ஆயிரம் வழிகள் இருக்கலாம். அவற்றில் முதன்மையானது சும்மா இருப்பது. கல்யாணம் நிச்சயமான பையன்கள் யாரைப் பார்த்தாலும் நான் இதைத்தான் சொல்கிறேன். எனக்குச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். சென்னையில் சுகாதாரப் பயிற்சி முடித்துவிட்டுத் திருவண்ணாமலை முனிசிபாலிட்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காக்கி உடுப்பு, சைக்கிள், கையில் ஒரு குச்சி (எதையும் தொடாமல் சுட்டிக்காட்டுவதற்கு). கார்த்திகை தீபத்துக்கு ஊர் சுத்தமாக இருக்க ஒரு திட்டம் போடச் சொன்னார்கள். போட்டேன். தெருத் தெருவாக மாட்டு வண்டி போகும். கிடைக்கிற குப்பையை எல்லாம் ஊருக்கு வெளியே உள்ள உரக்கிடங்குக்குக் கொண்டுபோய்க் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைத்து விவசாயிகளுக்கு விற்க வேண்டும். குப்பை யாருக்கும் வேண்டாத பொருள், அதை எடுத்துப் போனால் எல்லாரும் வாழ்த்துவார்கள் என்பதுதான் இந்தத் திட்டத்தின் அஸ்திவாரம். பள்ளிக்கூட வாத்தியார் மகனான எனக்கு வயல் என்றால் ரயில் ஜன்னலில் தெரிவது.

அந்தச் சமயத்தில் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. செங்கம் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் வீடு. பெண்ணின் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், நாலு மாடு. தையில் கல்யாணம். பெண்ணை ஒரே ஒரு தடவை, அதுவும் பாதி முகம்தான் பார்த்திருந்தேன். அந்தப் பாதி முகத்தை நினைத்துக்கொண்டு சைக்கிளில் போய் இரண்டு முறை சாக்கடையில் இறங்கியிருக்கிறேன்.

வண்டிகளோடு அந்தப் பக்கம் போனபோது அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பார்த்தேன். என் உயரத்துக்கு ஒரு குப்பைமேடு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுகாதார அதிகாரிக்குக் கழுத்தை நீட்டப் போகிறவள் வீட்டிலா இப்படி? வேறு தெருக்களுக்குப் போக வேண்டிய வண்டிகளையும் வரவழைத்து, தரை தெரிகிற வரை வழித்து எடுக்கச் சொன்னேன்.

பின்கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு செம்பு வெளியே வந்தது. மாமியாரின் குரல் மட்டும் கேட்டது.

“வெயில்ல நிக்கறீங்களே மாப்ள, மோர் சாப்புடுங்க.”

“இருக்கட்டும் அத்தை. வேலை முடியட்டும்.”

“அவரு கீழ்பென்னாத்தூர் போயிருக்காரு. வந்ததும் எடுக்கலாமே?”

“மாமா வந்து பாத்தா அசந்துபோயிடணும்.”

“அதுக்கில்ல மாப்ள...” என்று இழுத்தவர் நிறுத்திக்கொண்டார். தாலி கட்டாத மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. உள்ளே வளையல் சத்தம் கேட்டது. என் திறமையைப் பார்த்து அவள் பூரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் சத்தமாக வேலை வாங்கினேன். மோர் நன்றாக இருந்தது.

மறுநாள் காலையில் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தி காபியைத் தொடாமல் உட்கார்ந்தால் வீட்டில் யாரும் மூச்சு விடமாட்டார்கள். என்னை ஏறிட்டும் பார்க்காமல் அப்பாவிடம் பேசினார்.

“சம்மந்தி, மாப்ளய ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆனா அது நாலு மாடு வருசம் பூரா போட்ட எரு. ஆடில மல்லாட்டைக்கு, அதான் உங்க வேர்க்கடலைக்கு, போட வெச்சிருந்தேன். எரு இல்லன்னா கொடில எல இருக்கும், கொட்ட இருக்காது.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “தூக்கினியாடா?”

“சுத்தம் பண்ணேன்.”

“இன்னிக்கி எருவ தூக்கனவரு நாளைக்கி நெல்லத் தூக்குவாரு. நான் எந்த தைரியத்துல பொண்ணக் குடுக்கறது?” என்றார் மாமனார், சுவரைப் பார்த்து.

அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி, அவரை உரக்கிடங்குக்கு அழைத்துப்போனேன். குழி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தவர், துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்.

“நம்முளுது எங்க கீது மாப்ள?”

“கீழேர்ந்து ரெண்டாவது அடுக்கு மாமா.”

“மேல கீறது?”

“ஊரோடது.”

அந்தக் காலத்தில் ஊரில் ஆள் வந்து அள்ளிப்போகிற எடுப்புக் கக்கூஸ்தான்; அள்ளியதும் இந்தக் குழிக்குத்தான் வரும். ஊரோடது என்றால் எது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச தூரம் தள்ளிப்போய் நின்றுகொண்டுதான் பேசினார்.

“எனக்கு மாட்டு எருதான் வேணும். தை பொறக்கறதுக்குள்ள எடம் பழையபடி ரொம்பணும். இல்லன்னா கல்யாணப் பேச்சு வேணாம்.”

அவ்வளவு சாணிக்கு ஊரில் ஒரே இடம்தான் உண்டு. தீபத்துக்குக் கூடுகிற மாட்டுச் சந்தை. தீபச் சமயத்தில் கூலிக்கு ஆள் கிடைக்காது. முனிசிபல் வண்டியைச் சொந்தக் காரியத்துக்கு எடுக்கவும் கூடாது. கூடையோடு நானே போனேன். வாசலில் காவல்காரர் மறித்தார்.

“சாணி வெளிய போவக் கூடாது சார்.”

“யார் சொன்னது?”

“நீங்கதான் சார். அல்லாம் கிடங்குக்குத்தான் போவணும்னு உங்க திட்டத்துல கீதாமே.”

“அது எல்லாருக்கும் சொன்னது.”

“நீங்க அந்த எல்லார்ல சேத்தியா இல்லியா, அதச் சொல்லிடுங்க.”

வருஷா வருஷம் அங்கே சாணி அள்ளுகிற பெண்கள் என் உத்தரவால் உள்ளே போக முடியாமல், காலிக் கூடைகளோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அள்ள வேண்டுமானால் அவர்களையும் விட்டாக வேண்டும். அன்றைக்கே மேலதிகாரியிடம் போய், பொதுமக்கள் சாணி எடுத்துக்கொள்ள அனுமதிக்கலாம் என்று திருத்தம் வாங்கினேன். நான் போட்ட திட்டத்துக்கு முதல் திருத்தமும் நானே.

திருத்தத்தால் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மாடு வாலைத் தூக்குவதற்குள் அந்தப் பெண்கள் அங்கே நின்றார்கள். நான் பயிற்சியில் படித்ததெல்லாம் சாணி தரையில் விழுந்த பிறகு செய்ய வேண்டியவை. என் கூடையைப் பார்த்துப் பார்த்து ஒரு அம்மாவுக்கு இரக்கம் வந்துவிட்டது.

“பொண்ணு வூட்டு எருவத் தூக்கன மாப்ள இவருதாம்மா. அந்த ஓரத்த அவுருக்கு உட்டுடுங்க. கல்யாணம் நிக்கப் போவுது பாவம்” என்றார்.

ஊருக்கே தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை, கையெல்லாம் சாணி. அந்த நேரத்தில் மலைமேல் தீபம் ஏற்றினார்கள். சந்தையே ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ என்று கை கூப்பியது. நான் தலையை மட்டும் தாழ்த்தி, கல்யாணம் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமியிடம் அவ்வளவு மனமுருகி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

சந்தை கலைகிற வரை அள்ளினேன். வாடகை வண்டிகளில் ஏற்றினேன். விடியற்காலையில் கொல்லை வழியாகக் கொட்டிவிடலாம் என்று பார்த்தால் அம்மா விடவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போகிற பொருள் நல்ல நேரம் பார்த்து முன்தெரு வழியாகத்தான் போக வேண்டுமாம். மாடுகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்பினாள். செங்கம் ரோடு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. மாமனார் ஒரு பிடி எடுத்து முகர்ந்தார்.

“வைக்கோல் கம்மி. பரவால்ல” என்றார். பிறகு உள்ளே திரும்பி, “மாப்ளைக்கு காபி கொண்டாங்க” என்றார். தையில் கல்யாணம் நடந்தது.

அதன் பிறகு ஓய்வு பெறும் வரை ஊர்க் குப்பைக்கு எத்தனையோ திட்டம் போட்டேன். என் வீட்டுக் குப்பையை மட்டும் முனிசிபல் வண்டியில் ஏற்ற என் மனைவி ஒருநாளும் விட்டதில்லை. அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் கேட்ட வளையல் சத்தம் பூரிப்பு இல்லையாம். தடுக்க வெளியே ஓடிவந்தவளை அவள் அம்மா கையைப் பிடித்து நிறுத்திய சத்தமாம்.

எங்கள் வீட்டில் யாருக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தாலும் சீர்வரிசை பேசுகிற நேரத்தில் யாராவது ஒருவர், “எரு எத்தனி வண்டி?” என்று கேட்காமல் விடுவதில்லை. புதிதாக வந்த சம்பந்திகள் விழிப்பார்கள். என் மனைவி காபி டம்ளரை அவர்கள் முன்னால் வைத்துவிட்டு விளக்குவாள்.

“ஊர்ல அல்லாரும் பொண்ணு வூட்டுக்கு வந்தா பொண்ணக் கூட்டிக்கினு போவாங்க. இவரு மொதல்ல எருவத்தான் கூட்டிக்கினு போனாரு. என்னிய ரெண்டாம் நடைலதான் கூட்டியாந்தாரு.”