சிவப்பு அம்பு இல்லாத பார்க்

உலகத்திலேயே அதிகமாகப் பயப்படும் மனிதர் யார் என்று போட்டி வைத்தால் எங்கள் ஊர் மண்ணரையின் ஸ்டிக்கர் அண்ணன்தான் ஜெயிப்பார். ஆனால் பரிசு வாங்க மேடை ஏற மாட்டார். பலகை உடைந்துவிடும் என்று பயம்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை என்று ஏதாவது 'பால்ட்டு' இருந்தால் அதைக் காட்டிக் குட்டியாய் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ரிட்டயர் ஆன பிறகும் அவர் கை சும்மா இருக்கவில்லை. ஸ்டிக்கர் ஷீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரையே செக் பண்ணக் கிளம்பிவிட்டார். டீக்கடை பெஞ்சின் ஆடுகிற காலில் ஒன்று, பஸ் படிக்கட்டில் ஒன்று. ஒரு கல்யாணத்தில் மணமேடைக்கு மேலே சுற்றிய ஃபேனைக் காட்டித் தூணில் ஒட்டிவிட்டார். மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் தாலி கட்டினார், பாவம்.

அவரைக் கிண்டல் பண்ண எனக்கு யோக்கியதை கிடையாது. என் மகள் தாரணிக்கு நடக்க வராது, சக்கர நாற்காலிதான். ஐந்து வயதில் ஒரு பார்க்கில், சாய்மானம் இல்லாத ஊஞ்சலில் உட்கார வைத்தேன். மல்லாக்க விழுந்து மண்டையில் நாலு தையல். அதற்குப் பிறகு மூன்று வருஷம் பார்க் இருக்கும் தெரு வழியாகக்கூட அவளைக் கூட்டிப் போகவில்லை. மற்ற பிள்ளைகள் விளையாடுவதை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பாள். கூட்டிப் போகலாம் என்று தோன்றும், ஆனாலும் பயம் விடாது.

அப்போதுதான் எங்கள் வீதியில் எல்லாரும் விளையாடுகிற மாதிரி ஒரு பார்க் கட்டினார்கள். பெரியவர்களுக்கு உடற்பயிற்சிக் கருவிகள், நாற்காலியோடு ஏறிச் சுற்ற தரையோடு தரையாக ஒரு ராட்டினம். ஸ்டிக்கர் அண்ணனை யாரும் கூப்பிடவில்லை, அவரே வந்துவிட்டார்.

வாசலில் குறுக்கே இருந்த கம்பிகளில் முதல் ஸ்டிக்கர்.

"பைக் உள்ள வராம இருக்கத்தாங்க அது," என்றார் காண்ட்ராக்டர்.

"தாரணிப் புள்ளயும் வராதுங்களே," என்று இஞ்சு டேப்பை நீட்டினார் அண்ணன்.

சறுக்குமரத்தைத் தொட்டவர், "அட சாமீ! இதுல தோசை ஊத்தலாமுங்க," என்று கையை உதறினார். அதற்கு ஒரு கூரை வந்தது. ஒரே வாரத்தில் பார்க்குக்கே அம்மை போட்ட மாதிரி இருந்தது.

ராட்டினத்தைச் சோதிக்க, தாரணி எடைக்கு வேஸ்ட் துணி மூட்டை ஒன்று கட்டி, அவள் நாற்காலியிலேயே உட்கார வைத்துச் சுற்றினார். நாற்காலியைப் பிடித்திருந்த பூட்டு கழன்றது. மூட்டை பறந்து போய் காண்ட்ராக்டர் மேல் விழுந்தது. "ஐயோ, புள்ள போச்சே!" என்று அண்ணன் அலறினார். பார்த்துக்கொண்டிருந்த நான் நாற்காலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். இனி பார்க் கிடையாது என்றதும் தாரணி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

பூட்டை மாற்றினார்கள், வேகம் குறைக்க பிரேக் வைத்தார்கள். வேறொரு நாற்காலியில் மூட்டை தினமும் சுற்றியது. பதினோராம் நாள் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, மூட்டை பாஸுங்க."

"எனக்குப் பயமா இருக்குங்கண்ணா."

"எனக்கும் நெம்பப் பயமா இருக்குதுங்க. பயந்து பயந்துதானுங்க ஒண்ணொண்ணையும் பாத்தேன். வாங்க."

தாரணியைக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்காலியை ஏற்றிப் பூட்டிவிட்டார். ராட்டினம் நகரவில்லை. அவர் பூட்டைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். கடைசியில் ஷீட்டிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்து, நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்த என் கையில் ஒட்டினார்.

"மிச்சம் இருக்கற பால்ட்டு இது ஒண்ணுதானுங்க."

விட்டேன். ராட்டினம் சுற்றியது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன், அவரும் மூடிக்கொண்டார்.

"இன்னும் வேகமா, அப்புச்சி!" என்று தாரணி தன் ஸ்டிக்கர் தாத்தாவிடம் கத்துவது மட்டும் கேட்டது.

இப்போது ஸ்டிக்கர் அண்ணன் பெருமாநல்லூரில் தன் மகள் வீட்டோடு போய் இருக்கிறார். தாரணியை எந்தப் புது இடத்துக்குக் கூட்டிப்போனாலும் என் கண் சிவப்பு அம்பைத்தான் தேடுகிறது. ஒன்றுகூட இல்லையென்றால், இவளுக்காகப் பயப்பட இங்கே ஆளில்லையே என்று என் கை மறுபடியும் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது.